ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால்...

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்)

"ஆண்டு மலரில் எழுத எத்தனையோ நல்ல தலைப்புகள் இருக்க, போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன வந்தது?" என்று எங்களில் ஒருத்தியின் தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறை வரையில் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். போலீஸ் ஸ்டேஷன் என்பது பஸ்ஸில் போகும்போது சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு கட்டடம். அங்கே நம் வீட்டுப் பிள்ளைகள் போக மாட்டார்கள் என்றே நினைத்திருந்தோம்.

போனது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன். வயது பதினாறு, பிளஸ் ஒன் படிக்கிறவன். பெயரைச் சொல்ல மாட்டோம். தோழி கேட்டுக்கொண்டாள் என்பது ஒரு காரணம். இப்படிப்பட்ட வழக்கில் சிக்கிய சிறுவர் சிறுமியரின் பெயரையோ, பள்ளியையோ, முகவரியையோ பத்திரிகையில் வெளியிடக்கூடாதென்று சட்டமே தடுத்திருப்பது இன்னொரு காரணம். நமது ஆண்டு மலரும் ஒரு பத்திரிகைதானே! "யாரடி அது, யாரடி அது?" என்று கேட்டு எங்களைத் துளைக்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் இதைக் கவனிக்கவும்.

நடந்தது இதுதான். மாலை டவுன் பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் ஒரு செல்போன் கிடந்தது. கண்டக்டரிடம் கொடுத்திருக்கலாம். இவன் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். அணைத்து வைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தன் சிம் கார்டைப் போட்டான். ஒவ்வொரு செல்போனுக்கும் பதினைந்து இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு, சிம்மை மாற்றினாலும் அது மாறாது என்பது அவனுக்குத் தெரியாது. போனைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "நாளைக்குப் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வாங்க" என்று சொல்லிப் போனார்கள்.

அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம். அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். சித்தப்பா வந்து, "போனைக் கொண்டுபோய் ஆற்றில் எறிந்துவிடு" என்றார். பிறகு அவரே மனத்தை மாற்றிக்கொண்டு, "சந்தையில் முன்பின் தெரியாத ஆளிடம் விலைக்கு வாங்கினேன் என்று சொல்லிவிடு" என்றார். அம்மாவோ, "போனதும் காலில் விழுந்துவிடு, எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிடு" என்று அழுதார். அப்பத்தா ஒருத்திதான், "எடுத்ததை எடுத்தேன் என்று சொல்லட்டும். ஆனால் படித்தவங்க யாரையாவது கூட வைத்துக்கொண்டு சொல்லட்டும்" என்றாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

சித்தப்பாவின் யோசனைதான் வென்றது. சந்தையில் வாங்கினேன் என்றான். யாரிடம் என்று கேட்டார்கள். வயதானவர், கண்ணாடி போட்டவர் என்று வாயில் வந்ததைச் சொன்னான். எந்த இடத்தில் என்று கேட்டார்கள். மணிக்கூண்டுப் பக்கம் என்றான். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். மூன்று மணி நேரத்தில் இவன் ஒன்பதையும் தாண்டிவிட்டான். எழுதி நீட்டிய தாளைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டான். வெளியே வரும்போது பார்த்தால், மணிக்கூண்டுப் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடி போட்டவர். அவருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் இவனைப் பார்த்தார். இவன் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டான். பெரியவரை இரவு பத்து மணிக்குத்தான் விட்டார்களாம்.

இதைத் தோழி எங்களிடம் சொன்னபோது நாங்கள் சிறிது நேரம் பேசவேயில்லை. அதன் பிறகு பேசிய பேச்சுக்கு அளவில்லை. மதிய உணவு வேளையில் தொடங்கியது, குடிமையியல் பாட வேளைக்கும் வந்துவிட்டது. பாடம் எடுக்க வந்த சிஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் எங்களையே பேச விட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் தாயார் வழக்கறிஞர். அவர் ஒரு சனிக்கிழமை வந்து சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினார். இந்தக் கட்டுரையிலுள்ள சட்டமெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. கருத்து மட்டும் எங்களுடையது.

முதலில் ஒரு வாதத்தைத் தீர்த்துவிடுகிறோம். "திருடினவனுக்கு என்ன சட்டம் வேண்டிக்கிடக்கிறது? நாலு தட்டுத் தட்டினால் தானாகப் புத்தி வரும்" என்று எங்களில் சிலரே சொன்னார்கள். பெரியவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பையனிடம் பயத்துக்கு என்ன குறைச்சல்? ஊரிலுள்ள பயமெல்லாம் அன்று அவனிடம்தான் இருந்தது. அந்தப் பயம் அவனை உண்மை பேச வைத்ததா? குற்றமற்ற ஒரு கிழவரைப் பெஞ்சில் உட்கார வைத்தது. பெற்றோரின் அச்சத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீஸ் காவலுக்குப் பின் இறந்துபோனதைத் தமிழ்நாட்டில் யார் மறந்தார்கள்? ஆனால் அந்த அச்சத்திற்கு மருந்து காலில் விழுவதும் அன்று, கதை கட்டுவதும் அன்று. விதி என்னவென்று தெரிந்துகொண்டு, தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போவதே மருந்து என்பது எங்கள் கருத்து.

விதி என்ன? பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் என்பார்கள். 2015இல் இயற்றப்பட்டு 2016 ஜனவரி 15 முதல் நடப்பில் உள்ளது. மூன்று ஆண்டுவரை மட்டுமே சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களை அது சிறு குற்றம் என்கிறது. கண்டெடுத்த பொருளைத் தனதாக்கிக்கொள்வதும் சாதாரணத் திருட்டும் அதற்குள் அடங்கும். இப்படிப்பட்ட குற்றத்திற்குச் சிறுவர்மீது முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டியதில்லை. பெரியவர்களோடு கூட்டுச் சேர்ந்து செய்திருந்தால் வேறு. நாட்குறிப்பில் எழுதிவிட்டு, பையனின் குடும்பச் சூழ்நிலையைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் கூறுகின்றன. அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் சமூகப் பணியாளர் இருவரும் இருப்பார்கள். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும்.

விலங்கு மாட்டக்கூடாது. லாக்கப்பில் வைக்கவே கூடாது. பிடித்து வைத்தால் பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் குழுமத்தின்முன் கொண்டுபோக வேண்டும். பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணையின்போது பெற்றோர் உடன் இருக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தக்கூடாது. எல்லாவற்றையும்விட எங்களை வியக்க வைத்தது இது: எந்த வாக்குமூலத்திலும் சிறுவனைக் கையெழுத்திடச் சொல்லக்கூடாது. அம்மா சொன்ன அந்த ஒரு கையெழுத்து! ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனைக் கவனிப்பதற்கென்றே ஓர் அலுவலர் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. "குழந்தைகள் நல காவல் அலுவலரைப் பார்க்க வந்திருக்கிறோம், சார்" என்று வாசலில் சொன்னாலே பாதிப் பேச்சின் தொனி மாறிவிடும் என்றார் வழக்கறிஞர். அந்த வீட்டில் யாருக்கும் அந்த வார்த்தை தெரியாது. எங்களுக்கும் அதுவரை தெரியாது. பத்தாம் வகுப்புவரை படித்து என்ன பயன் என்று வெட்கமாக இருந்தது.

பெண் பிள்ளைகளாகிய நமக்கு இன்னும் ஒரு விதி உண்டு. ஒரு வழக்கைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால், பெண்களையும் பதினைந்து வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளைகளையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. இதைப் பற்றிய பெரிய வழக்கே ஒரு பெண்மணியுடையது. நந்தினி சத்பதி ஒரிசா மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர். 1977இல் அவரைக் கட்டாக் நகரத்தில் போலீஸ் நிலையத்துக்கு வரவழைத்துக் கேள்விகளை எழுதிக் கொடுத்து விடை கேட்டார்கள். அவர் விடை சொல்ல மறுத்தார். மறுத்ததற்காகவே வழக்குத் தொடர்ந்தார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விகளுக்கு விடை சொல்லாமலிருக்கும் உரிமை கோர்ட்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலும் உண்டு என்றார். பெண்ணை ஸ்டேஷனுக்கு வரவழைத்தது தவறு என்றும் கண்டித்தார். அதே சமயம், மற்றக் கேள்விகளுக்கு விடை சொல்லத்தான் வேண்டும் என்றும் சொன்னார். முதலமைச்சராக இருந்தவருக்கே வாய் மூடி இருப்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், பிளஸ் ஒன் பையன் என்ன செய்வான் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அவன் உச்ச நீதிமன்றம் போக வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

இங்கேதான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. "சின்ன வயதிலிருந்து உண்மை பேசு, உண்மை பேசு என்று நமக்குச் சொல்லித் தந்துவிட்டு, இப்போது வாயை மூடிக்கொள் என்று சொல்வது எந்த நியாயம்?" என்று ஒருத்தி கேட்டாள். மௌனமாக இருப்பதும் ஒருவகைப் பொய்தானே என்றாள். மற்றொருத்தி, ஏரோதின் முன்னால் இயேசு ஒரு வார்த்தையும் பேசவில்லையே என்றாள். உடனே மூன்றாமவள் எழுந்து, "இயேசு குற்றமற்றவர், இவன் போனை எடுத்தவன். இரண்டையும் ஒன்றாக்காதே" என்று ஓங்கிச் சொன்னாள். சிஸ்டர் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர்கள் சொன்ன ஒன்று எங்களுக்குப் பிடித்திருந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் சொல்வதை யாரும் எழுதிக்கொள்வதில்லை, வெளியே போய்ச் சொல்வதுமில்லை. அதனால் அங்கே தயங்காமல் பேசுகிறோம். ஸ்டேஷனில் பேசியது கால் முளைத்து நடக்கும். நடந்து போய் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று பேசினவனுக்கே தெரியாது.

எங்கள் முடிவை இப்படிச் சொல்கிறோம். "அம்மாவும் வக்கீலும் வந்த பிறகு பேசுகிறேன், சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இருப்பது பொய் அன்று. அது யாரையும் கெடுப்பதில்லை. சந்தையில் கண்ணாடி போட்ட ஒருவர் என்று சொல்வது பொய். அது ஒருவரைக் கெடுத்துவிட்டது. அரசு அலுவலருக்குப் பொய்த் தகவல் தருவதே தனிக் குற்றமும் ஆகும். போனை ஆற்றில் எறிந்திருந்தால் சாட்சியத்தை அழித்த குற்றமும் சேர்ந்திருக்கும். சித்தப்பாக்களின் யோசனை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது, ஒரு குற்றத்தை மூன்றாக்கித் தருகிறது. (இதைப் படிக்கும் சித்தப்பாக்கள் மன்னிக்க வேண்டும்.)

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அதைத்தான் நாங்கள் நெடுநேரம் பேசினோம். அந்தப் பெரியவரைப் பெஞ்சில் பார்த்த பிறகும் அவன் மௌனமாக இருக்கலாமா? சட்டத்தைக் கேட்டால் இருக்கலாம் என்றுதான் சொல்லும். தன்னையே காட்டிக்கொடுக்கும்படி அரசியலமைப்பு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எங்களைக் கேட்டால், கூடாது என்போம். தனக்காக வாய் மூடி இருக்க உரிமை உண்டு. தான் சொன்ன பொய்க்காக இன்னொருவர் உட்கார்ந்திருக்கும்போது அந்த உரிமையை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அன்றிரவே, வேண்டுமானால் வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அவரிடம் நான் வாங்கவில்லை" என்ற ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் மீதியெல்லாம் வெளியே வந்துவிடுமே என்று பதில் வந்தது. வந்தால் வரட்டும் என்பது எங்களில் பெரும்பாலோரின் கருத்து. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். தோழி அழுதாள். எங்களுக்குச் சொல்வது எளிது, அங்கே உட்கார்ந்திருந்தவன் அவளுடைய அண்ணன் அல்லவா?

எங்கள் வகுப்பில் போலீஸ்காரரின் மகள்கள் இருவர் இருக்கிறார்கள். ஸ்டேஷனைப் பற்றி நாங்கள் பேசப் பேச அவர்கள் முகம் வாடிப்போனது. ஒருத்தி, "எங்க அப்பா தீபாவளிக்கு வீட்டில் இருந்து ஐந்து வருஷம் ஆகிறது, அது யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியாது. மறுநாள் அவளே வந்து, அவளுடைய அப்பா சொன்னதாக ஒன்று சொன்னாள். கதை சொல்கிறவனை விசாரிக்க மூன்று மணி நேரம் ஆகும், அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடவும் வேண்டியிருக்கும். வீட்டார் வந்ததும் பேசுகிறேன் என்கிறவனிடம் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்றாராம். இந்தப் பக்கத்துக்காரர் சொன்னதும் அந்தப் பக்கத்துக்காரர் சொன்னதும் ஒன்றாக இருந்தது எங்களுக்கு ஆச்சரியம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். இன்ஸ்பெக்டர் முன்னிலையில் பிள்ளையைக் கன்னத்தில் அறைந்து, "நான் நல்ல வளர்ப்பு வளர்த்தவன்" என்று காட்ட வேண்டாம். அந்த அறையைப் பார்த்துப் போலீஸ்காரர் இரங்குவார் என்று நினைக்கிறீர்கள். பிள்ளைக்கு அங்கே இருக்கும் ஒரே துணை நீங்கள். அந்தத் துணையும் போயிற்று என்று அவன் நினைத்துக்கொள்வான். வக்கீலுக்குப் பணமில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். சொத்து, வருமானம் எதையும் கேட்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணில் சட்ட உதவியும், 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவியும் கேட்கலாம்.

எங்கள் பள்ளியை நடத்தும் அருட்சகோதரியர்க்கும் பணிவுடன் ஒன்று சொல்லிக்கொள்கிறோம். இப்படி ஒரு பிள்ளை நாளை நம் பள்ளியிலும் இருக்கக்கூடும். பெயரை வெட்டி அனுப்பிவிட்டால் பள்ளியின் பெயர் பிழைக்கும் என்று எந்தப் பள்ளிக்கும் தோன்றும். ஆனால் குழுமம் தீர்த்து வைத்த வழக்கைக் காரணம் காட்டி அந்தப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. முடிந்துபோன வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறவர்களுக்குக்கூடப் போலீசார் காட்டக்கூடாது. போலீசாரே மூடி வைக்க வேண்டியதைப் பள்ளி திறந்து வைக்கலாமா?

தோழியின் அண்ணனுடைய கதையை முடித்துவிடுகிறோம். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, மூன்றாம் நாள் காலையில் அப்பத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அப்பத்தா அவனைத் திட்டவில்லையாம். சேலையை மாற்றிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து, பஸ் ஏறி நீதிமன்ற வளாகத்திற்குப் போய் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று வழி கேட்டுக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் உடன் வந்தார். அவர் பக்கத்தில் இருக்க, பஸ்ஸில் கண்டெடுத்ததையும் பெரியவரைப் பற்றிச் சொன்னது பொய் என்பதையும் அவன் சொன்னான். விசாரித்த அலுவலர் சிறிது நேரம் அவனைப் பார்த்துவிட்டு, "இதை முந்தாநாளே சொல்லியிருந்தால் எங்களுக்கும் வேலை மிச்சம், அந்த ஆளுக்கும் மானம் மிச்சம்" என்றாராம். இளைஞர் நீதிக் குழுமத்தில் அவனுக்கு அறிவுரை கூறி, சில வாரங்கள் ஆலோசனைக்கு வரச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே யாரும் அவனை அதட்டவில்லை என்று தோழி இரண்டு முறை சொன்னாள்.

இப்போது அவன் பிளஸ் டூ. ஒழுங்காகப் படிக்கிறானாம். பள்ளிக்குப் போக மணிக்கூண்டு வழிதான் கிட்டம். அவன் இன்னும் மீன் மார்க்கெட் வழியாகச் சுற்றித்தான் போகிறான். அப்பத்தா மட்டும் ஒருநாள் தன்னுடைய பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு, பொத்தான் அழுந்தவில்லை என்று சொல்லி அந்தப் பெரியவர் கடைக்குப் போய் வந்தாளாம். போனில் ஒரு பழுதும் இல்லை.